கால் திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். ஊர், பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு வயது 26. ஐடிஐ முடித்துவிட்டு ஆழ்கடல் விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கரையில் இருக்கும் நாளெல்லாம் கால்பந்துதான். ஊர் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். இரண்டரை வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகெலும்பு உடைந்தது. டி10 அளவில், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பின் பத்தாவது எலும்பருகே, தண்டுவடக் காயம், அதுவும் முழுமையான காயம் என்று மருத்துவ அறிக்கை சொல்கிறது. ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வைத்தியசாலையில் தங்கி எண்ணெய், கிழி (மூலிகை மூட்டை ஒத்தடம்) எல்லாம் செய்து பார்த்தார்கள். "நரம்பு உயிர் பிடிக்கிற வரை உடம்பை அலட்டக் கூடாது" என்று அங்கே சொன்னதால் வீட்டோடு இருக்கிறார். மைதானத்தில் பந்து நடக்கும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாராம். "எனக்க காலு போச்சு, இனி என்ன களி (விளையாட்டு)?" என்பாராம். "அன்னைக்கே போயிருக்கலாம்" என்றும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு முன் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீடியோ ஒன்றைப் பார்த்தபின் தானாகவே ஜிம்முக்குப் போகக் கேட்டிருக்கிறார். ஜிம்காரர் "ஏதாவது ஆனால் நான் பதில் சொல்ல முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு முதுகுக் கம்பி நகர்ந்துவிடும் என்ற பயம். ஊரில் சிலர், பாராலிம்பிக்கில் வென்றவரைக் காட்டி, "மாரியப்பன் மாதிரி வாடே" என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஒரு லட்சம் கொடுத்தால் பாரா விளையாட்டுச் (மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு) சான்றிதழ் வாங்கித் தருவதாகவும், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை உறுதி என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்பது இவை: தம்பியை விளையாட விடலாமா? முதலில் நடக்க வைத்துவிட்டுப் பிறகு பார்ப்பதா? அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா? கடைசியாக, ஒரு தடவையாவது கடலில் இறங்க வேண்டும் என்கிறானே, அது நடக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். "அன்னைக்கே போயிருக்கலாம்" என்று தம்பி சொன்னதைக் கடிதத்தின் நடுவில் ஒரு வரியாக எழுதிக் கடந்துவிட்டீர்கள். அதை அப்படிக் கடக்கக் கூடாது. இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு இப்பவும் தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. மனசில் கிடப்பதைச் சொல்ல ஒரு வழிதான் கிடைக்கும். "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பந்து விளையாட்டு மனச்சோர்வுக்கு நல்ல துணைதான். ஆனால் சோர்வு ஆழமாக இருந்தால் அதற்கென்று சிகிச்சை வேண்டும், பந்து மட்டும் போதாது.

இனி உங்கள் கேள்விகள். "விளையாட விடலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 26 வயது, அறிவும் நினைவும் தெளிவாக இருக்கிறது. முடிவு அவருடையது. நீங்களும் அம்மாவும் செய்ய வேண்டியது ஆபத்து எது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு கூட நிற்பது. இந்தப் பதிலை அவருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

நடந்த பிறகா, விளையாட்டு?

சொல்ல மனம் கனக்கிற விஷயம் இது. முழுமையான காயம் என்று உறுதியாகி இரண்டரை வருடம் கடந்தபின், கால்கள் முன்போல் நடக்கும் அளவுக்குத் திரும்புவது மிக மிக அரிது. கைத்தாங்கியும், காலைத் தாங்கும் சட்டமான நீளக் காலிப்பரும் போட்டு நாலடி வைக்கலாம். பயிற்சியாக அது நல்லதுதான். ஆனால் கடைக்கோ கோயிலுக்கோ அப்படிப் போய்வர முடியாத அளவுக்கு அது உடம்பைக் களைக்கவைக்கும். அவருடைய அன்றாடம் சக்கர நாற்காலியில்தான். இதை ஒப்புக்கொள்வது தோல்வி என்று வீடுகளில் நினைக்கிறார்கள். காத்திருந்த இந்த இரண்டரை வருடத்தில் அவருடைய தோள் மெலிந்தது, வயிறு தொங்கியது, எலும்பு வலுவிழந்தது, மனசு சுருங்கியது. காயம் மட்டும் தந்த நஷ்டங்கள் அல்ல இவை. ஓய்வும் சேர்ந்து தந்தவை.

வைத்தியசாலை ஆசான்மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. நம் மாவட்டத்தில் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் முதலில் ஓடுகிற இடம் அதுதான். ஆனால் இப்படிக் காயம்பட்ட தண்டுவடம், உடம்பை அசைக்காமல் வைத்திருந்தால் உயிர் பிடிக்காது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உணர்வில்லாத இடத்தில் சூடான கிழி வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் தொடை வெந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

முதுகில் காயம்பட்டவர்களுக்கான விளையாட்டு பிறந்ததே மருத்துவமனையில்தான். இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு உடைந்த சிப்பாய்களை, படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரம் செத்துவிடுவார்கள் என்று கைவிட்ட காலம். ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண்ணைத் தடுத்தார், உட்காரவைத்தார், பிறகு விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து அங்கே வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960 ரோம் போட்டி வழியாக இன்றைய பாராலிம்பிக் வரை வந்து நிற்பது அந்த மருத்துவமனைப் புல்வெளியில் தொடங்கியதுதான். விளையாட்டை அவர் மருந்துச் சீட்டில் எழுதினார். குணமான பிறகு தரும் பரிசாக வைத்திருக்கவில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவின் பயம்

கம்பி நகர்ந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் எலும்பு உடைந்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது, பெரும்பாலும் கூடியிருக்கும். ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு சேர்ந்திருக்கிறது, ஸ்க்ரூ தளரவில்லை என்று அறுவை செய்த மருத்துவரோ மறுவாழ்வு மருத்துவரோ சொல்லிவிட்டால், கை தூக்குவதாலும் பந்து எறிவதாலும் அது நகராது. எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஜிம்முக்கும் அது உதவும்.

அம்மா கவலைப்படாத இடங்களில்தான் எனக்குக் கவலை. முதலாவது தோல். உணர்வில்லாத புட்டத்தில் அழுத்தம் தொடர்ந்தால் அவருக்குத் தெரியாமலே சதை அழுகத் தொடங்கும். வெறும் பலகையிலோ சிமெண்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து பயிற்சி செய்யக் கூடாது, மெத்தை கட்டாயம். கால்மணிக்கு ஒருமுறை முன்பக்கம் நன்றாகக் குனிந்து, ஓரிரு நிமிடம் புட்டத்து அழுத்தத்தை எடுக்க வேண்டும். இரவில் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். சிவந்த இடம் அரைமணியில் மாறாவிட்டால், அது மாறும்வரை அந்தப் பக்கம் உட்காரக் கூடாது, போட்டி இருந்தாலும் சரி.

இரண்டாவது, கால் எலும்பு. பாரம் தாங்காத எலும்பு மெலிந்திருக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது லேசாக விழுந்தாலே தொடையெலும்பு முறியலாம், வலியே இருக்காது. கால் வீங்கினாலோ சூடாக இருந்தாலோ தசை இழுப்பு திடீரென்று கூடினாலோ எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். விளையாடும்போது இரண்டு காலையும் நாற்காலியோடு வார்ப்பட்டையால் கட்டிக்கொள்ளட்டும், இறுக்கிவிடாமல்.

மூன்றாவது தண்ணீர். சிறுநீர் எடுக்கக் குழாய் போட வேண்டியிருப்பதால் பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இங்கத்திய புழுக்கத்தில் அப்படிப் பயிற்சி செய்தால் தலைசுற்றலும் தொற்றும்தான் மிஞ்சும். மேலும், காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, அதனால் சூடு தணிவதும் மெதுவாகத்தான். காலை எட்டுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குக் குழாய் போடுவது தவறக் கூடாது.

கழுத்திலும் மேல்முதுகிலும், அதாவது டி6 அளவிலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்குத் திடீர் ரத்த அழுத்த உயர்வு என்று ஒரு பெரிய ஆபத்து உண்டு. தம்பியின் காயம் அதற்குக் கீழே என்பதால் அந்தப் பயம் அநேகமாக வேண்டாம். ஆனால் மரத்துப்போன எல்லை மேலே ஏறுவதுபோல் இருந்தாலோ கையில் புதிதாகப் பலம் குறைந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

எங்கே, எப்படித் தொடங்குவது

நாளையே வீட்டில் தொடங்கலாம். பழைய சைக்கிள் டியூப் ஒன்றை, வெடிப்பில்லாததாகப் பார்த்து, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, துடுப்பு இழுப்பதுபோல் பின்னோக்கி இழுக்கட்டும். சக்கரம் தள்ளுகிறவர்களுக்கு நெஞ்சுத் தசை இறுகி, முதுகுத் தசை தளர்ந்து, தோள் முன்னே வந்து, கடைசியில் தோள்வலியில் நிற்கும். அவருக்கு இனிமேல் தோள்தான் கால். அதனால் தள்ளும் பயிற்சி ஒரு பங்கு என்றால் இழுக்கும் பயிற்சி இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலைக்கயிறு இழுத்த தோள் அது, சீக்கிரம் திரும்பும்.

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென்று 2018இல் வெளிவந்த சர்வதேசப் பரிந்துரை கேட்பது அதிகமில்லை. மூச்சு வாங்கும் அளவு பயிற்சி வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிடம். அதோடு இயங்குகிற பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பலன் வேண்டுமென்றால் 30 நிமிடம், வாரம் மூன்று தடவை. பள்ளி மைதானத்தையோ தார் ரோட்டின் சமமான பகுதியையோ காலையில் நாற்காலியில் சுற்றிவந்தால் இது முடிந்துவிடும். முதல் ஆறு வாரம் இதுவே போதும். இளைஞர்கள் முதல் நாளே ஒரு மணி நேரம் தள்ளிவிட்டு, மறுவாரம் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அது வேண்டாம்.

விளையாட்டு என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? கால்பந்தின் உறவு வேண்டுமென்றால் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. வெற்றிடம் பார்த்து ஓடுவது, ஆள் வரும் முன் பந்தைக் கொடுப்பது, இதெல்லாம் அவர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொருவரின் உடல்நிலைக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி தருவார்கள். களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டல் 14ஐத் தாண்டக் கூடாது. அதனால் கூடுதல் பாதிப்பு உள்ளவருக்கும் அணியில் இடம் இருக்கும். ஆனால் இதற்குச் சக்கரம் சாய்வாகப் பொருத்திய தனி நாற்காலியும், கூட ஆட ஆட்களும் வேண்டும். அந்த நாற்காலிக்காக இப்போதே கடன் வாங்காதீர்கள். ஓர் அணி உருவாகிறதா என்று முதலில் பாருங்கள்.

கையிலுள்ள வசதியோடு தொடங்க நான் சொல்வது உட்கார்ந்து எறியும் போட்டிகள்: குண்டு, வட்டு, ஈட்டி. தரையில் பட்டையால் கட்டிய ஓர் இரும்பு இருக்கை போதும், ஊரில் உள்ள வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். மெத்தையோடு சேர்த்து உயரம் 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தனியாகவே பழகலாம், எறிந்ததை எடுத்துவர இரண்டு சிறுவர்கள் இருந்தால் போதும். படுத்தபடி எடை தூக்கும் பாரா பவர்லிஃப்டிங்கும் அவருக்குப் பொருந்தும்.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரையும், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் நேரில் போய்ப் பாருங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பிரிவு உண்டு, மாவட்ட அளவிலிருந்தே தொடங்கும். நல அலுவலகத்தில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் விண்ணப்பியுங்கள். மேற்குக் கடற்கரையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்தால் எந்தப் பயிற்சியும் ஒரு மாதம்கூட நிற்காது. வண்டியும் ஒரு விளையாட்டுக் கருவிதான்.

ஜிம்காரர் மறுத்தது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. சேவை தரும் தனியார் நிறுவனங்களும் அணுகல் விதிகளுக்கு உட்பட்டவை. விளையாட்டில் சமமாகப் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று பிரிவு 30 சொல்கிறது. ஆகவே உங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுத்தில் புகாரும் அனுப்பலாம்.

ஆனாலும் புகாரை முதல் படியாக வைக்க மாட்டேன். அந்த ஆளுக்கு இருப்பது பெரும்பாலும் அறியாமைப் பயம். மருத்துவர் கொடுத்த கடிதம், செய்யக்கூடிய ஐந்தாறு பயிற்சிகளின் பட்டியல், முதல் இரண்டு வாரம் கூட நிற்க ஒரு நண்பர், இந்த மூன்றோடு மறுபடியும் போங்கள். வாசலில் படி இருந்தால் சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரை அடிப் படிகள் மூன்று என்றால் பதினெட்டு அடி. குறுக்குவழியாகச் செங்குத்துப் பலகை போட்டால் நாற்காலி பின்னால் கவிழும். எல்லாம் செய்தும் மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், பிறகு ஆணையர்.

ஒரு லட்சம் கேட்டவர்

கொடுக்காதீர்கள். பாரா விளையாட்டில் எந்தப் பிரிவில் ஒருவர் ஆடுவார் என்பதைப் பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள் உடலைப் பரிசோதித்து முடிவு செய்கிறார்கள். தம்பியைப்போல் காயம்பட்டு உட்கார்ந்து எறிபவர்களுக்கு எஃப்51 முதல் எஃப்57 வரை பிரிவுகள். கையில் இருக்கும் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள சதவீதம் இதைத் தீர்மானிப்பதில்லை. பணத்துக்குக் கிடைக்கும் சான்றிதழ் போலியாகவே இருக்கும். அது பிடிபட்டால் வழக்கு தம்பிமேல்தான் வரும். பணம் கேட்டவர் மறுபடி வந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட பெரிய போட்டிகளில் சாதித்தவர்களுக்கு. இதில் நீங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. குறைந்தது 40 சதவீதப் பாதிப்புள்ளவர்களுக்கு அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் பதக்கம் வேண்டாம், யூடிஐடியும் படிப்பும் தேர்வும் போதும். ஐடிஐ முடித்தவர் தேர்வுக்குப் படிப்பது தனி வழி, விளையாடுவது தனி வழி. வேலைக்காக விளையாடத் தொடங்கினால் முதல் போட்டியில் தோற்ற அன்றே நாற்காலி மூலைக்குப் போய்விடும்.

"மாரியப்பன் மாதிரி" என்பவர்களிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் வென்ற மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஒரு காலில்தான் பாதிப்பு. அவர் உயரம் தாண்டுகிறார். அது வேறு உடம்பு, வேறு பயிற்சி, எத்தனையோ வருட உழைப்பு. தம்பி இந்த மாதம் கட்டிலிலிருந்து ஒருவர் உதவியுமின்றி நாற்காலிக்கு மாறினால், அதைக் கொண்டாடுங்கள். தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு என்ன பாடுபடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும்.

கடல்

இறங்கலாம். ஆனால் ஆனி, ஆடியில் வேண்டாம். உங்கள் கரையில் அப்போது அலை என்னவென்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் ஒரு நீச்சல் குளத்தில், ஆளோடு, மல்லாந்து மிதக்கப் பழகட்டும். நீந்தத் தெரிந்த உடம்புதான், ஆனால் கால் இனி உதைக்காது, இழுப்பு வந்தால் உடம்பைப் புரட்டும். அந்தப் புதிய உடம்பைத் தண்ணீரில் பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். ஊர்க்குளத்தில், அதுவும் மழைக்காலத்தில், தோலில் ஒரு சிராய்ப்பு இருந்தாலும் வேண்டாம், எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு.

தை, மாசியில் கடல் அடங்கியிருக்கும் ஒரு காலையில், தடுப்புக் கற்கள் இல்லாத மணல் கரையாகப் பாருங்கள். கற்களில் ஒட்டியிருக்கும் சிப்பி காலைக் கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு, காலில் கனத்த சாக்ஸும் மேலே லைஃப் ஜாக்கெட்டும் போட்டு, கூடப் பந்து ஆடிய நாலு பேரை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு இறங்கட்டும். மணலில் இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, குதிகால், கணுக்கால், புட்டம் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.